கில்தோவின் காலால் நேர்ந்த நேர்ச்சை

கில்தோ நடந்து போவதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊர் சான் எவுசேபியோவில் அதிகம் பேர் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அவனுடைய பஞ்சர் கடை. கடைக்கு நடுவில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு வைத்திருக்கிறான். டயர்தான் அவனிடம் உருண்டு வர வேண்டும், அவன் டயரிடம் போகமாட்டான். மூன்று வீடு தள்ளி இருக்கிற கோயிலுக்குக்கூட வேனைக் கிளப்பிக்கொண்டுதான் போவான். பூசை முடிந்து நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து காப்பி போட்டு இறக்கின பிறகும் அவன் அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு இருப்பான்.

லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"தோன் கில்தோ, அந்த சீட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார்கள், 'தோன்' என்று மரியாதை வேறு.

"எடுத்தாச்சுய்யா. பஸ்ஸுதான் இன்னும் வரல" என்பான் அவன்.

அப்படிப்பட்டவன்தான் செவிடி மலை ஏறினான். அதுவும் பாதையில்லாத மலை. ஏன் ஏறினான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஜாக்கி சறுக்கி, ஒரு லாரியின் அச்சு அவன் வலது காலில் இறங்கிவிட்டது. என்செனாதா நகரத்து ஆஸ்பத்திரியில் காலுக்குள் இரும்புத் தகடு வைத்துக் கட்டினார்கள். நடப்பானா மாட்டானா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அவன் மனைவி ரொசெந்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாதாவிடம் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர்கள் மகள் ஒஃபேலியாவுக்கு ஞானத்தாய் நான்தான், அதனால் அந்த வீட்டுக்கு நான் கொமாத்ரே. நல்லது கெட்டது எதுவானாலும் கூட நிற்க வேண்டியவள்.

வேறு யாராக இருந்தாலும் மெழுகுத்திரி ஏற்றுகிறேன், முழங்காலிலேயே கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். ரொசெந்தா நேர்ந்தது வேறு.

"அம்மா, இவனுக்கு அந்தக் காலைத் திருப்பிக் குடுத்துடு. குடுத்தா, அதே காலால இவன் செவிடி மேல ஏறுவான். இவன் தலைக்கு மேல உன்னைத் தவிர வேற எதுவுமே இல்லாத எடம் வரைக்கும் ஏறுவான்."

அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. பின்னால் அந்த வார்த்தைதான் எல்லாப் பாடுகளையும் கொண்டுவந்தது.

செவிடி என்பது ஊருக்கு வடக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற மலை. நின்று கத்தினால் எந்த மலையும் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லும், இது சொல்லாது. அதனால் அந்தப் பெயர். மேலே தண்ணீர் இல்லை, புல் இல்லை, தங்கமும் இல்லை. பிறகு எதற்குப் பாதை? ஆட்டுத் தடம்கூட அடிவாரத்தோடு நின்றுவிடும். கோடையில் பாறை ரொட்டிக்கல் மாதிரி காயும், ஒவ்வொரு நிழலிலும் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கும். ஏறுவது என்றால் குளிர்காலத்தில்தான்.

கால் வந்தது. கில்தோ எழுந்தான், பஸ் சீட் வரைக்கும் நடந்தான், உட்கார்ந்தான். அப்புறம்தான் நேர்ச்சை விஷயம் அவன் காதுக்கு வந்தது.

"என்னைக் கேக்காம என் காலை எப்படி நேர்ந்தே?"

"நீ மயக்கத்துல கெடந்தே. யாரைக் கேக்கறது?"

"எழுந்தப்புறம் கேட்டிருக்கலாம்ல?"

"எழுந்தப்புறம் எதுக்கு நேரணும்?"

"ஆட்டை நேர்ந்து விடுற மாதிரி என்னை விட்டிருக்கியே, கெழவி! நேர்ந்தவ நீ. நீயே ஏறு."

"என் காலைச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஏறி எறங்கியிருப்பேன், கெழவா. சொன்னது உன் காலை."

அதற்கு அவனிடம் சாக்குதான் இருந்தது. ஒரு குளிர்காலம் முட்டி வீங்கியிருக்கிறது என்றான். அடுத்த குளிர்காலம் கடல் பக்கமிருந்து மூடுபனி வருகிறது என்றான். அதற்கடுத்து, லாரிகள் அதிகமாகிவிட்டன என்றான். ஒருமுறை பாதிரியாரை மடக்கிப் பிடித்து, இந்த நேர்ச்சையை மாற்ற வழி உண்டா என்று கேட்டான். உண்டு, ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னால் போதும் என்றார் அவர். ரொசெந்தா அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சாமி, நான் பேசினது உங்ககிட்ட இல்லையே." அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ரொசெந்தாவின் கண் போகத் தொடங்கியது.

"மாவு படிஞ்ச கண்ணாடி வழியாப் பாக்குற மாதிரி இருக்கு, கொமாத்ரே" என்றாள். காப்பியில் உப்பைப் போட்டாள். ஒரு நாள் காலையில் வேலியோரம் நின்ற பெரிய கள்ளியைப் பார்த்து, "என்ன மக்காரியோ, ஆடெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டாள். மக்காரியோ எங்கள் ஊர் ஆட்டுக்காரன். நான் கள்ளி மாதிரியா இருக்கிறேன் என்று அவன் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

என்செனாதாவில் வேலை பார்க்கிற ஒஃபேலியா விசாரித்துச் சொன்னாள். பிப்ரவரியில் வெளியூர் டாக்டர்கள் வருகிறார்கள், கண்புரையை எடுக்கிறார்கள், அம்மா பெயரைக் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை விட்டால் அடுத்த வருஷம்தான் வருவார்கள். அதுவரைக்கும் கண் தாங்காது என்று பரிசோதித்தவர் சொல்லிவிட்டார்.

ரொசெந்தா மாட்டேன் என்றாள்.

"மொத நேர்ச்சையே நிறைவேத்தல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரெண்டாவது போயிக் கேக்கறது?"

"கால் வேற, கண்ணு வேற ரொசெந்தா" என்றேன்.

"கேக்கற எடம் ஒன்னுதானே?"

"மாதா இதையெல்லாம் பாத்துக்கிட்டா இருப்பா?"

"பாக்கலேன்னா அப்ப எதுக்கு கொமாத்ரே போயிக் கேக்கணும்?"

பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் கில்தோ நின்றிருந்தான். ரொசெந்தா அடுப்பில் கை வைத்துத் தடவி, ரொட்டி எங்கே இருக்கிறது என்று தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அன்றைக்கு ரொட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

மறுநாள் காலை பீப்பாய்த் தண்ணீர் மேலே ஐஸ் கட்டியிருந்தது. பஞ்சர் கடைப் பக்கம் டங் டங் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். பின்னால் செத்துக் கிடக்கிற லாரியிலிருந்து பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தான் கில்தோ.

"எதுக்குடா இது?"

"செவிடிகிட்ட கத்திப் பிரயோஜனம் இல்ல, கொமாத்ரே. உச்சிக்குப் போயி இதை வெயில்ல காட்டறேன். ரொசெந்தாவுக்கு மொகம் தெரியாது, மலை தெரியாது. வெளிச்சம் தெரியும்ல?"

அப்போதுதான் போகப்போகிறான் என்று எனக்குப் புரிந்தது. ரொசெந்தாவிடம், சக்கரத்தை மூடுகிற பழைய வீல் கப் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். கண்ணாடி வெளிச்சம் தெரிந்ததும் அவள் இதைத் தூக்கிப் பதில் காட்ட வேண்டும். நடுப்பகலுக்குள் வெளிச்சம் வரும், வராவிட்டால் மக்காரியோ தேடிக்கொண்டு மேலே வர வேண்டும். அதுதான் பேச்சு.

ரொசெந்தா ரொட்டியில் உலர்ந்த மாட்டிறைச்சியைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தாள். பேரீச்சம்பழம் கொடுத்தாள். தலையிலிருந்த சீப்பை எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்துக் குட்டைக் கள்ளி தொடாமலே வந்து ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும், சீப்பை விட்டு நெம்பித்தான் எறிய வேண்டும். "முடி வாரவும் வெச்சுக்கலாம்" என்றாள். கில்தோவுக்கு ஏது முடி? அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்கு மறுநாள், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, இருட்டு விலகும் முன்னே கிளம்பிவிட்டான்.

இனி மலையில் நடந்தது அவன் சொன்னது. நான் கூடப் போகவில்லை.

நடு ஓடை வழியாகப் போ என்று மக்காரியோ சொல்லியிருந்தான். ஓடை நேராகக் கூட்டிக்கொண்டு போய், மூன்று ஆள் உயரப் பாறைச் சுவரில் முட்டவிட்டது. மழைக்காலத்தில் அருவியாக இருக்குமாம். திரும்பி வந்து பக்கத்துச் சரிவைப் பிடித்தான். கால் வைத்த கல்லெல்லாம் உருண்டது. கள்ளி இரண்டு தடவை தொடையில் ஒட்டி, சீப்பு இரண்டு தடவை வேலை செய்தது. தகடு வைத்த கால் குளிரில் பல் வலிப்பது மாதிரி வலித்தது என்றான். பத்தடி ஏறுவது, நின்று தன் தொப்பையைப் பார்த்து, "உன்னை யாரு வரச்சொன்னது?" என்று திட்டுவது. அப்படியே போனான்.

நடுப்பகல் நெருங்கும்போது உச்சிக்கு வந்தான். ஊர் கீழே தீப்பெட்டிகளைக் கொட்டினது மாதிரி கிடந்தது. சாக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தான். வெயிலுக்குத் திருப்பப் போனவன், எதற்கோ பின்னால் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் இன்னொரு உச்சி இருந்ததாம்.

ஊருக்குத் தெரிகிற நெஞ்சுப் பாறைக்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இதைவிட உயரமாக இன்னொன்று. நாங்கள் பிறந்ததிலிருந்து உச்சி உச்சி என்று சொன்னது உச்சியே இல்லையாம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பல் முளைத்தது, அந்தப் பல் விழவும் விழுந்தது. இன்னொரு உச்சி இருந்தால் எனக்குத் தெரியாதா? ஆனால் அவன் அப்படித்தான் சொல்கிறான், நான் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பின் உச்சிக்குப் போனால் ஊர் தெரியாது. அங்கிருந்து கண்ணாடி காட்டினால் கழுகுக்குத்தான் தெரியும். முன் உச்சியிலிருந்தே காட்டிவிட்டால் ஊருக்கு அதுதான் உச்சி. ரொசெந்தா மண்டி போட்டு நன்றி சொல்வாள், பையைக் கட்டுவாள், கண் ஆபரேஷன் நடக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணாடியைப் பிடித்தபடி நின்றான்.

"தலைக்கு மேல எதுவும் இல்லாத எடம்னு சொல்லித் தொலைச்சிருக்காளே. அங்க என் தலைக்கு மேல ஒரு முழு மலை நிக்குது, கொமாத்ரே. மாதா கேட்டாக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிச்சிரலாம். வீட்டுக்கு வந்ததும் ரொசெந்தா கேட்டா?" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

வெளிச்சம் காட்டிவிட்டுப் பிறகு அங்கேயும் போய் வந்திருக்கலாமே என்று கேட்டேன். "காட்டிட்டா அப்புறம் போயிருப்பேனா? என்னை எனக்குத் தெரியாதா?" என்றான். அது நியாயம்தான். கண்ணாடியைச் சாக்கில் போட்டான். சீக்கிரம் போய்த் திரும்பிவிடலாம் என்று பள்ளத்தில் இறங்கினான். சரிவு முழுக்கச் சரளை. நின்று இறங்கக் கால் ஒப்பவில்லை. "என் பழக்கப்படி உக்காந்தே போயிட்டேன்" என்றான். கால்சட்டையின் பின்பக்கம் அங்கேயே கிழிந்து போனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால் அந்த இடம் மட்டும் நம்புகிறேன்.

இங்கே கீழே நாங்கள்.

ரொசெந்தா நாற்காலியை வெளியே இழுத்து, வடக்கே பார்த்துப் போட்டு, வீல் கப்பை மடியில் வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நடுப்பகல் வந்தது. போனது. மலை எப்போதும் போல ஒன்றும் சொல்லவில்லை.

சத்துர்னீனோ என்கிற லாரிக்காரன் வந்து நிறுத்தினான்.

"டயர்க்காரர் எங்க?"

"மலை மேல" என்றேன்.

"எந்த டயரு அவ்வளவு தூரம் உருண்டுச்சு?"

அப்புறம்தான் ரொசெந்தாவின் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். வண்டியை ஓரம் கட்டினவன் போகவே இல்லை. அவனைப் பார்த்து இன்னும் இரண்டு லாரி நின்றது. ஆளுக்கு ஒரு பக்கம் நெற்றியில் கை வைத்து மலையைப் பார்த்தார்கள். நான் காப்பி மேல் காப்பியாகப் போட்டேன். வேறு என்ன செய்வது?

இதோ வரும், அதோ வரும் என்று காத்துக்கொண்டிருந்த மக்காரியோ, சாயங்காலக் காற்று எழுந்தபோது கயிற்றையும் தண்ணீரையும் தோளில் மாட்டினான்.

"நான் கெளம்பறேன்."

"இப்பப் போனா பாதியில இருட்டிரும். அப்புறம் தேடறதுக்கு ரெண்டு பேரு ஆயிரும்" என்றான் சத்துர்னீனோ.

"அப்ப ராத்திரி முழுக்க அவன் அங்கயே கெடக்கட்டுமா?"

"ஓடை வழியைக் காட்டினவன் நீதானே? இப்பப் பேசு!"

இருவரும் மூக்கோடு மூக்கு நின்றார்கள். நான் நடுவில் புகுந்து கத்தினேன். எல்லார் முதுகும் மலைக்குத் திரும்பியிருந்தது. அந்தச் சண்டைக்கு நடுவில் ரொசெந்தா மெதுவாகச் சொன்னாள்.

"கொமாத்ரே, அங்க ஒரு வெளிச்சம்."

திரும்பினேன். எனக்கு மலைதான் தெரிந்தது. பாவம், பார்த்துப் பார்த்துக் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

"உங்க கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சமா இருக்கும் ரொசெந்தா."

"என் கண்ணுல இருக்கறது மாவு. இது ஊசி மாதிரி குத்துது. அதோ... இப்ப... திரும்பவும்!"

"அம்மாடி! ஆமா!" என்று சத்துர்னீனோ துள்ளினான்.

நெஞ்சுப் பாறையின் நுனியில் சாயங்கால வெயில் ஒரு பொட்டு மாதிரி எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நல்ல கண் உள்ள நாங்கள் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், பாதிக் கண்ணுக்காரி அதைப் பிடித்துவிட்டாள்.

அவள் வீல் கப்பைத் தூக்கினாள். வெளிச்சம் முதலில் எங்கள் எல்லார் கண்ணிலும் அடித்தது, பிறகு கோழிகளை விரட்டியது. சத்துர்னீனோ அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மலைப் பக்கம் திருப்பினான். மேலே இருந்த பொட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. செவிடிக்குக் கேட்காது என்று தெரிந்தும் மூன்று லாரிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன. என் காது மறுநாள் வரைக்கும் திறக்கவில்லை.

அன்றிரவு கில்தோ மேலேயே பாறை மறைவில் காய்ந்த கள்ளிக் கட்டையை எரித்துக் குளிர் காய்ந்தான். அந்த நெருப்பும் புள்ளியாகத் தெரிந்தது, அதனால் ஊர் நிம்மதியாகத் தூங்கியது. காலையில் மக்காரியோ பாதி வழி வரைக்கும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். கில்தோ தன் காலாலேயே நடந்து வந்து பஸ் சீட்டில் விழுந்தான்.

பின் உச்சிக்கு ஏறி, முன் உச்சிக்குத் திரும்பி வந்து வெளிச்சம் காட்டின கதையை அங்கேதான் சொன்னான். பின் உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிந்ததாம். அதையும் நான் நம்பவில்லை.

"அப்படி ஒரு உச்சியே கெடையாதுடா. வெயில்ல உனக்கு மூளை கலங்கியிருக்கு" என்றேன்.

"குளிர்காலத்துல எந்த வெயிலு, கொமாத்ரே?"

"அப்பக் குளிர்ல கலங்கியிருக்கு."

ரொசெந்தா எங்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. அவன் கையைத் தடவி, கீறலையெல்லாம் விரலால் எண்ணுகிற மாதிரி தொட்டுப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உன் தலைக்கு மேல ஒன்னுமே இல்லையே?"

"நீ சொன்ன ஆளைத் தவிர ஒன்னுமே இல்ல, கெழவி. தொப்பியைக் கழட்டிட்டு, 'சொன்ன எடத்துக்கு வந்துட்டேன், இனிமே நீயாச்சு அவளாச்சு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது.

பிப்ரவரியில் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ரொசெந்தா காலை பஸ்ஸில் ஊர் திரும்பினாள். இறங்கினதும் கில்தோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கெழவா, இவ்வளவு வயசாயிருச்சு உனக்கு? யாரும் சொல்லவே இல்லையே!"

"கண்ணை வாங்கிக் குடுத்ததுக்கு இதுதான் பலன், பாத்தீங்களா கொமாத்ரே?" என்றான் அவன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். வேலியில் நிற்கிற கள்ளியையும், அதன் பக்கத்தில் நின்ற மக்காரியோவையும் சரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பெரிய வளைவு தாண்டும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன், கொமாத்ரே. செவிடிக்கு ரெண்டு உச்சி. பின்னாடி இருக்கறதுதான் ஒசரம்."

"புதுக் கண்ணுக்கு எல்லாமே ரெண்டாத்தான் தெரியும்" என்றேன். "நான் எத்தனை தடவை அந்த பஸ்ஸுல வந்திருக்கேன்!"

"எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"வலது பக்கம். காலை வெயில் இடது பக்கம் அடிக்கும்."

"நான் இடது பக்கம் உக்காந்து வந்தேன்."

நான் பேச்சை மாற்றிக் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். அவள் விடவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி, கண்ணுக்கும் ஒரு நேர்ச்சை சொல்லியிருக்கேன்."

கில்தோ கையிலிருந்த டயர் லீவரைக் கீழே போட்டான். "ஐயோ! இப்ப யார் காலால?"

"யார் காலாலயும் இல்ல. கொமாத்ரே கண்ணால. 'எனக்குப் பார்வை வந்தா, எங்க கொமாத்ரே இடது பக்க ஜன்னல்ல உக்காந்து அந்த மலையைப் பாப்பாங்க'ன்னு சொல்லியிருக்கேன்."

கில்தோ சிரித்த சிரிப்பில் பஸ் சீட்டின் ஸ்பிரிங் எல்லாம் முனகியது. "வாங்க கொமாத்ரே, வாங்க! ஆட்டு மந்தையில இன்னொன்னு சேந்துருச்சு!"

என்னைக் கேட்காமல் என் கண்ணை எப்படி நேரலாம் என்று கேட்டேன். நீங்க ஒத்துக்கமாட்டீங்களே, அதான் கேக்கல என்றாள்.

எனக்கு என்செனாதாவில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாக ஆடுகிறது. அதைக் காட்டப் போகத்தான் வேண்டும் போலிருக்கிறது. திரும்பி வரும்போது இடது பக்கம் உட்காருவேன். கண்ணையும் திறந்துதான் வைத்திருப்பேன். செவிடிக்கு உச்சி ஒன்றுதான், அது வேறு விஷயம்.